பேண்டு செட்டிலிருந்து ஒரு மியூசிக் சார்

"எங்கே, ஒரு பாட்டுப் பாடுங்க," என்றார் நடுவில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்.

இனிகோவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பதினான்கு வயதிலிருந்து பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவன். திண்டுக்கல் மேட்டுப்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் அவன் வாசிக்காத கல்யாணம் இல்லை, சப்பரம் இல்லை, அடக்கம் இல்லை. ஆனால் வாயைத் திறந்து பாடியது மட்டும் கிடையாது. பூசையில் கோயிலே சேர்ந்து பாடும்போதுகூட உதட்டை அசைத்துக்கொண்டு சும்மா நிற்பான். பதினோரு வருஷமாக அவன் வாய்க்கு ஊதுவது ஒன்றுதான் வேலை.

"நான் வாசிக்கிறேன் சார். பாட வராது," என்றான்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரத்தில் இருந்த பேராசிரியை, "வாசிக்கட்டுமே," என்றார். இனிகோ துணிப்பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்துப் பூட்டி, நாக்கில் சீவாளியை நனைத்துக்கொண்டு வாசித்தான். ஐந்து நிமிஷம் யாரும் குறுக்கே பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே நேர்காணலுக்குக் காத்திருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முடித்ததும் பேராசிரியை கேட்டார். "இது என்ன ராகம்னு தெரியுமா?"

"ஏழாம் நம்பர் மேடம்."

அவருக்குப் புரியவில்லை. இனிகோ விளக்கினான். பேண்டு மாஸ்டர் ஸ்டீபன்ராஜ் அவனுடைய தாய்மாமன். தெருவில் பெரிய டிரம் முழங்கும்போது பாட்டின் பெயரைக் கத்திச் சொன்னால் காதில் விழாது. அதனால் மாமா எல்லா மெட்டுக்கும் நம்பர் போட்டு வைத்திருந்தார். முன்னால் நடந்தபடியே கையைத் தூக்கி விரலைக் காட்டுவார். மூன்று விரல் காட்டினால் பெண் அழைப்பு. இரண்டு விரல் காட்டினால் கல்லறைக்குப் போகும் வழி. ஏழுக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் கையில் பிடித்திருக்கும் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்.

பேராசிரியை சிரித்தார். அதில் கேலி இல்லை. "நீங்க வாசிச்சது கரகரப்ரியா. பேரு தெரியாமலே இவ்வளவு சுத்தமா வாசிச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடத்துல அறுபது பிள்ளைங்க முன்னாடி நிக்கப் போறீங்க. கிளாரினெட்டை வாயில வச்சுக்கிட்டுப் பாடம் நடத்த முடியாது. வாத்தியார் பாடித்தான் ஆகணும். ரெண்டு வருஷத்துல பாடக் கத்துக்குவீங்களா?"

"கத்துக்குவேன் மேடம்," என்றான் இனிகோ. முடியுமா என்று யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாய் முந்திக்கொண்டது.

அந்த அறை வரைக்கும் அவனைக் கொண்டுவந்து சேர்த்தது அவன் மனைவி ஏஞ்சலின். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். 1997 ஜூன் மாதம் அங்கே வந்த பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் இசை ஆசிரியர் பயிற்சி, இரண்டு வருஷம், பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளே விண்ணப்பத்தை டைப் அடித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு ஏஞ்சலின்? சபாவுல பாடுறவங்க படிக்கிற படிப்பு இது."

"போன ஆகஸ்டு பதினஞ்சுக்கு ஒரு பள்ளிக்கூடத்துல வாசிக்கப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? கொடி ஏத்துறதுக்குள்ள இருபது நிமிஷத்துல பிள்ளைகளைத் தாளத்துக்கு நடக்க வச்சேன்னு சொன்னீங்க. ஒரு மாசம் அதையே பேசிக்கிட்டு இருந்தீங்க. எந்தக் கல்யாணத்துல வாசிச்சதையும் அம்புட்டு நாள் பேசினதில்ல."

புள்ளி வைத்த இடத்தில் இனிகோ கையெழுத்துப் போட்டான்.

இடம் கிடைத்த செய்தியைக் கேட்டு ஸ்டீபன்ராஜ் மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. "ஏலே, நீ படிக்கப் போயிட்டா சீசனுக்கு யாருடா ஊதுவா?" என்றார். சனி, ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறேன் என்று இனிகோ வாக்குக் கொடுத்தான். மாமா அரைமனசாகத் தலையாட்டினார். அடுத்த நாளே வேறு ஒரு கிளாரினெட்காரரை விசாரிக்கத் தொடங்கினார்.

பல்கலைக்கழகம் மதுரைக்கு அந்தப் பக்கம். விடியற்காலை பஸ் ஏறினால்தான் ஒன்பதரை மணி வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். முதல் நாள் வகுப்பில் பதினான்கு பேர், அவனைத் தவிர எல்லாரும் பெண்கள். பாதிப் பேர் ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் பாட்டுக் கற்க ஆரம்பித்தவர்கள். ஸரளி வரிசையை அவர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவார்கள். இனிகோ அதை நோட்டில் எழுதிவைத்துப் பார்த்துப் பார்த்துப் பாடினான். கீழே ஸ, ரி, க வரைக்கும் ஒப்பேறியது. மேல் ஸட்ஜத்துக்குப் போனால் குரல் உடைந்து பிசிறடித்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

அவன் குடியிருந்தது வரிசையாக ஆறு வீடுகள் இருந்த ஒரு லைன் வீட்டில். நடுச்சுவர் ஒரு செங்கல் கனம்தான். பக்கத்து வீட்டில் ஜெய்தூன் பீவி என்ற அம்மாள், மகன் குடும்பத்தோடு இருந்தார். தினமும் சாயங்காலம் இனிகோ சாதகம் பண்ணுவது அவருக்கு அப்படியே கேட்கும். ஒரு மாசம் கழித்து வாசலில் கண்டபோது, "தம்பி, மூணாவது வரி நேத்தைக்கு இன்னைக்குத் தேவல. கடைசியில ஏறுறப்பத்தான் ஆட்டுக்குட்டி கத்துற மாதிரி இருக்கு," என்றார். அவர் மருமகள் பதறிப்போய் உள்ளே இழுத்தாள். இனிகோவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அவனே போய், "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வருவான். வகுப்பில் யாரும் சொல்லாததை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

ஏஞ்சலின் கணக்கு வேறு. "ஏ, எஸ், டி, எஃப். இந்த நாலு எழுத்தைப் பிள்ளைங்க மூணு வாரம் அடிக்கும். நாலாவது வாரம் எந்த எழுத்து எங்க இருக்குன்னு கேட்டா வாய் சொல்லாது, விரல் போய் நிக்கும். உங்க தொண்டைக்கு இன்னும் நாலாவது வாரம் வரல, அம்புட்டுதான்."

சிக்கல் என்னவென்று கண்டுபிடித்தது கௌசல்யா. அவளும் அதே வகுப்புதான். பழனிப் பக்கம் தொப்பம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பெண், பத்தொன்பது வயது, நல்ல பாட்டுக்காரி. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எங்களோட சுருதியில சேர்ந்து பாடோணும்னு பாக்கறீங்க. அது பொம்பளைங்க சுருதிங்க. உங்க குரலுக்குக் கீழ எறங்கி ஒரு கட்டைதான் சரியா வரும்."

"மேடம் எனக்குத் தனிச் சுருதிப் பெட்டி தாரேன்னுதான் சொன்னாங்க. எல்லாரும் ஒண்ணாப் பாடுறப்ப நான் மட்டும் தனியாவான்னு நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"பாட்டுல போயி வெக்கப்பட்டா ஆகுங்களா?" என்றாள் அவள்.

மறுநாள் ஒரு கட்டைச் சுருதி வைத்து அவனைத் தனியாகப் பாடவைத்தார் பேராசிரியை. ஸ என்று பிடித்தான். அவனுடைய நெஞ்சிலிருந்தே இப்படி ஒரு சத்தம் வரும் என்று அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. கனமாக, அலுங்காமல் நின்றது. மேல் ஸட்ஜத்தில் குரல் உடையவில்லை. "அப்படியே நிறுத்திப் பிடிங்க, விடாதீங்க," என்றார் பேராசிரியை. இனிகோ அந்த ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். பேகம்பூரிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை ஊதிக்கொண்டே நடந்த மூச்சு அது. வகுப்பு காத்திருந்தது. ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் மூச்சை விட்டபோது மற்ற பதிமூன்று பேரில் ஒருவராலும் அதில் பாதிகூட நிறுத்த முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது. முதலில் கைதட்டியது பின்வரிசை.

அன்றிலிருந்து அவன் வேகமாக ஏறினான். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வளர்ந்தது. ஏழாம் நம்பர், கரகரப்ரியா. மூன்றாம் நம்பர், மோகனம். இரண்டாம் நம்பர், முகாரி, ஆனால் ஓர் இடத்தில் மாமா தப்பாக வாசிக்கவைக்கிறார். இத்தனை வருஷம் தன் விரலுக்குத் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒரு கணக்கு இருக்கிறது என்று தெரியத் தெரிய அவனுக்கு ஒரு கர்வம் வந்தது. தான் ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்தவன் இல்லை.

கௌசல்யாவுக்கு அவன் பதில் உதவி செய்யும் நாளும் வந்தது. இரண்டாம் வருஷம் கற்பித்தல் பயிற்சி. முதலில் கூடப் படிப்பவர்களையே மாணவர்களாக உட்காரவைத்து ஆளுக்குப் பத்து நிமிஷம் பாடம் எடுக்க வேண்டும். கச்சேரி மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிடும் கௌசல்யாவுக்குக் கரும்பலகை முன்னால் நிற்கவே பயமாக இருந்தது. சாக்பீஸ் இரண்டு முறை உடைந்து விழுந்தது. பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மொத வரிசையைப் பாக்காத தங்கச்சி," என்றான் இனிகோ. "மொத வரிசை எப்பவும் நம்மள எடைபோட்டுக்கிட்டுத்தான் இருக்கும். திருவிழாக் கூட்டத்துல எங்க மாமா கடைசியில நிக்கிற ஆளைத்தான் பாப்பாரு. அவருக்குக் கேட்டாப் போதும். நீ கடைசி பெஞ்சுல இருக்கிற பிள்ளைக்குக் கேக்குதான்னு மட்டும் பாரு. பயம் தன்னால போயிரும்."

அவள் அப்படியே செய்தாள். பயம் முழுசாகப் போகவில்லை, ஆனால் சாக்பீஸ் உடையவில்லை.

நிஜமான பள்ளிக்கூடத்தில் நாற்பது நாள் பயிற்சிக்கு இருவரையும் அகரத்துப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நெல்லும் பூவும் விளையும் ஊர். பள்ளிக்கூடத்தில் பல வருஷமாகப் பாட்டு வாத்தியார் இல்லை. கால அட்டவணையில் பாட்டு வகுப்பு என்று போட்டிருந்த இடத்தில் கணக்கு நடந்துகொண்டிருந்தது. இனிகோவுக்கு ஏழாம் வகுப்பு, அறுபத்திரண்டு பிள்ளைகள். ஏஞ்சலின் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் அவன் உள்ளே நுழைந்ததும் அறுபத்திரண்டு பேரும் எழுந்து "வணக்கம் சார்" என்றார்கள். அதுவரைக்கும் அவனை யாரும் சார் என்றதில்லை.

நாற்பது நாளின் கடைசி வாரத்தில் வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். நரைத்த தலை, கறார் முகம். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் கௌசல்யா, வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதும் பார்வைக் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அன்றைய பாடம் மூன்று காலம். ஒரே தாளத்தில் ஸ்வரங்களை முதலில் நிதானமாகவும், பிறகு இரண்டு மடங்காகவும், பிறகு நாலு மடங்காகவும் பாடுவது. இனிகோ அட்டையில் பெரிய எழுத்தில் கட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். கையால் தாளம் போட்டுக் காட்டினான். பிள்ளைகள் போட்டார்கள். முதல் காலம் சரியாக வந்தது. இரண்டாம் காலத்துக்குப் போனதும் எல்லார் கையும் சேர்ந்து ஓட ஆரம்பித்தது. தாளத்தை நிறுத்திப் பிடிக்க முடியவில்லை. மறுபடி சொன்னான், மறுபடியும் ஓடியது. தேர்வாளர் எதையோ எழுதினார்.

அந்த நேரம் பார்த்து நடு வரிசையில் அமலராணி என்ற பெண் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளு."

"எங்க தாத்தா செத்தப்ப பேண்டு செட்டுல வந்து வாசிச்சது நீங்கதானே சார்? சிவப்புக் கோட்டு போட்டு?"

இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து இனிகோ பயந்துகொண்டிருந்த கேள்வி. கல்யாண வீட்டில் பந்தியெல்லாம் முடிந்தபிறகு பேண்டுக்காரர்களைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவார்கள். அந்தக் கொல்லைப்புறம் இந்த வகுப்பறைக்குள் வந்துவிடும் என்றுதான் பயந்தான். இல்லம்மா, அது வேற யாராவது இருக்கும் என்று சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கேலி இல்லை. தெரிந்த ஆளை அடையாளம் கண்ட முகம் அது.

"ஆமா, நான்தான்," என்றான். "உங்க தாத்தா வீடு ஓடைக்கு அங்கிட்டு. பெட்டியை ஆறு பேரு தூக்கிட்டு வந்தாங்க. சரியா?"

"ஆமா சார்."

"ஓடையில இறங்குறப்ப நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா?" என்று கேட்டான். சொல்லும்போதே அவனுக்குப் பாடம் பிடிபட்டது. "சாவுக்கு வாசிக்கிறப்ப நாங்க ஆள் முகத்தைப் பாக்க மாட்டோம். பெட்டி தூக்குறவங்க காலைத்தான் பாப்போம். அவங்க நடை மாறினா பெட்டி ஆடும். நாங்க வேகமா ஊதினா அவங்க காலு தன்னால ஓடிரும். ஓடை சரிவு. அதனால நடையை அப்படியே வச்சுக்கிட்டு ஸ்வரத்தை மட்டும் குறைச்சோம். ஒரு அடிக்கு நாலு ஸ்வரம் வாசிச்சதை ரெண்டாக்கினோம். ரெண்டை ஒண்ணாக்கினோம். உங்க தாத்தா பெட்டி ஆடாம இறங்குச்சு."

அமலராணி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல அவன் மறந்துபோனான்.

"எல்லாரும் வெளிய வாங்க," என்றான்.

மைதானத்தில் அறுபத்திரண்டு பேரையும் நாலு வரிசையாக நிறுத்தினான். மாமாவைப்போல முன்னால் போய், பின்பக்கமாக நடந்தபடி கையைத் தூக்கினான். "காலு மாறவே கூடாது. தலையே போனாலும் நடை ஒண்ணுதான். காலு மேல எத்தனை ஸ்வரத்தை வைக்கிறோம்கிறதுதான் காலம்." ஒரு விரலைக் காட்டினான். எட்டு அடிக்கு எட்டு ஸ்வரம். இரண்டு விரல். எட்டு அடிக்குப் பதினாறு. கை ஓடிய பிள்ளைகளுக்குக் கால் ஓடவில்லை. முன்னால் நடப்பவன் முதுகும் பக்கத்தில் நடப்பவள் தோளும் அவர்களைப் பிடித்து நிறுத்தின. நாலு விரலைக் காட்டினான். எட்டு அடிக்கு முப்பத்திரண்டு ஸ்வரம் மைதானத்தில் மழைபோல் விழுந்தது, ஆனால் செருப்பில்லாத கால்கள் நிதானமாகவே போய்க்கொண்டிருந்தன. திரும்பவும் இரண்டு, திரும்பவும் ஒன்று. மற்ற வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் ஏறிப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் வராந்தாவுக்கே வந்துவிட்டார்.

மணி அடித்ததும் தேர்வாளர் அவனைக் கூப்பிட்டார். கையில் இனிகோவின் பாடக்குறிப்பு இருந்தது.

"கையால தாளம் போட்டுச் சொல்லித் தர்றதாத்தானே இதுல எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"நான் மைதானத்துல பாத்தது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எங்கயும் இல்ல சார்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துல இல்லாததுக்கு நான் மார்க் போட முடியாது. சாப்பாட்டு நேரத்துக்குள்ள எழுதிக் கொண்டாங்க."

இனிகோ ஆய்வுக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினான். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. துணைக் கருவிகள் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு இருந்தான். கௌசல்யா தன் தயிர்சாதத்தை ஊட்டாத குறையாக அவன் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "காலுன்னே எழுதுங்கண்ணா. அதுதானுங்களே உண்மை," என்றாள். 'மாணவர்களின் கால்கள், பள்ளி மைதானம்' என்று எழுதினான். தேர்வாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஓடையில ஸ்வரத்தைக் குறைச்சோம்னு சொன்னீங்களே, அது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"எங்க பேண்டு மாஸ்டர் சார். ஸ்டீபன்ராஜ்."

"நல்ல வித்வான்," என்றார் தேர்வாளர்.

1999 மே மாதம் ரிசல்ட் வந்தது. ஏஞ்சலின் இன்ஸ்டிட்யூட்டுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். மொத்த மதிப்பெண்ணில் கௌசல்யா முதல். கற்பித்தல் பயிற்சியில் இனிகோ முதல், நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. நோட்டீஸ் போர்டில் விரலை வைத்து அந்த வரியை ஏஞ்சலின் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். முகம் மாறியது.

"உங்க பேர்ல ஒரு எழுத்துக் கூடுதலா அடிச்சிருக்காங்க. இனிக்கோன்னு இருக்கு."

"விடு, யாரு பாக்கப் போறா."

"எல்லாரும் பாக்கத்தான் ஒட்டியிருக்காங்க," என்றவள் நேராக அலுவலகத்துக்குப் போனாள். டைப்பிஸ்ட் சாப்பிடப் போயிருந்தார். அங்கே இருந்த கிளார்க்கிடம் என்ன சொன்னாளோ, கால் மணி நேரத்தில் அந்தப் பக்கத்தை முழுக்கத் தானே புதிதாக அடித்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பழைய தாளை எடுத்துவிட்டுக் கிளார்க் புதியதை ஒட்டும்வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். ஒட்டியபிறகு அந்த வரிக்கு முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது தேர்வாளர் சொன்ன இரண்டு வார்த்தையை மாமாவிடம் சொன்னான். ஸ்டீபன்ராஜ் டிரம் தோலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கண் கலங்கியதை மறைக்கத்தான் குனிந்திருந்தார் என்பது இனிகோவுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் பேண்டு செட் ஆபீஸ் போர்டில் பெயின்டர் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தார். 'பல்கலைக்கழகத்தில் பயின்ற கலைஞர் எங்கள் குழுவில் மட்டும்.' அழிக்கச் சொல்லி இனிகோ எவ்வளவோ கெஞ்சினான். "நீ சும்மா இருடா. இது உனக்காக எழுதுனதில்ல, எனக்காக எழுதுனது," என்றார் மாமா. முகாரியில் அந்த ஒரு தப்பை இனிகோ திருத்தியபோதும், மூன்று நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு நாலாம் நாள் திருத்தி வாசிக்கவைத்தார்.

வேலை உடனே கிடைத்துவிடவில்லை. மூன்று வருஷம் இரண்டு பள்ளிகளில் பகுதிநேரமாக ஓடினான். 2002-இல் நகரத்துக்குள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இசை ஆசிரியராக நிரந்தரமாகச் சேர்ந்தான். சேர்ந்த வாரத்திலேயே தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்க இன்னமும் பேண்டு செட்டுல வாசிக்கப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். கல்யாணம்னாலும் பரவாயில்ல. அடக்கத்துக்கெல்லாம் போறீங்களாமே. பிள்ளைங்க பாத்தா என்ன நினைக்கும்?"

"பிள்ளைங்களுக்குத் தெரியும் சார். மொத நாளே எல்லா வகுப்புலயும் நானே சொல்லிட்டேன்," என்றான் இனிகோ. குரல் உயரவும் இல்லை, இறங்கவும் இல்லை. "பள்ளிக்கூட நேரத்துல ஒரு நாளும் போக மாட்டேன். லீவு நாள்ல மாமா கூப்பிட்டாப் போவேன்."

தலைமையாசிரியர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அந்தப் பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு முறை பெற்றோர் கூட்டம் நடக்கும். ஆசிரியர்கள் எல்லாரும் ஹாலில் மேசை போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு மேசையிலும் இங்கிலீஷ் மேசையிலும் கூட்டம் மொய்க்கும். கடைசியில் இருக்கும் மியூசிக் சார் மேசைக்கு யாரும் வர மாட்டார்கள். கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனாலும் இனிகோ ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் பெரிய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவான். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் உண்டு. குரல் எந்தக் கட்டை, மூச்சு எவ்வளவு நிற்கும், தாளம் எங்கே தவறும், எல்லாம் எழுதியிருக்கும்.

2007-இல் நடந்த கூட்டத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் கணக்கு மேசையை முடித்துக்கொண்டு நேராக அவனிடம் வந்தார். சேவுகம்பட்டியிலிருந்து வந்து காந்தி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் பார்ப்பவர், பெயர் பெருமாள்சாமி. அவர் மகள் எட்டாம் வகுப்பு. வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"கணக்குல சுமாருங்கிறாங்க சார். அது கிடக்கட்டும். பாட்டுல எம்மக எப்படி?"

ஐந்து வருஷத்தில் அந்த மேசையில் யாரும் கேட்காத கேள்வி அது. இனிகோ நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தான்.

"உக்காருங்க," என்றான், அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் மறந்து. "ஜூன் மாசம் வர்றப்ப உங்க பொண்ணுக்கு மேல் ஸ்தாயி எட்டல. பயந்துக்கிட்டு மெதுவாப் பாடும். இப்ப அஞ்சரைக் கட்டையில நின்னு பாடுது. காது ரொம்பக் கூர்மை, பக்கத்துல யாரு அபஸ்வரமாப் பாடினாலும் திரும்பிப் பாத்துரும். தாளத்துல மட்டும் ஒரு சின்ன அவசரம் இருக்கு. அதுக்கு என்ன செய்யலாம்னு சொல்றேன், உங்களுக்கு செத்த நேரம் இருக்குமா?"

"மார்க்கெட்டுக்கு மத்தியானத்துக்கு மேல போனாப் போதும் சார். நீங்க நிதானமாச் சொல்லுங்க," என்று பெருமாள்சாமி நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.